ஹாரன் சத்தத்துக்காக ஒரு கொலை மிரட்டல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், கைபேசி விளையாட்டுகளுக்கு அடிமையாகும் பிள்ளைகளைப் பற்றிய முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். கண் கெடுவது, தூக்கம் கெடுவது, பெற்றோர் எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்பதெல்லாம் விரிவாக இருந்தன. அவற்றில் எனக்கு மறுப்பேதும் இல்லை. ஆனால் அந்த விளையாட்டுகளை உட்கார்ந்து செய்கிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள் என்பதும், விளையாடுகிறவர்களின் கோபம் எல்லை மீறும்போது அது அவர்கள் தலையில் போய் விழுகிறது என்பதும் அந்தப் பக்கத்தில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. விட்டுப்போன அந்த வரியைச் சற்று நீட்டி எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் தாங்கள் சுருக்கிக்கொள்ளலாம்.

நான் அரசுப் பேருந்தில் 31 ஆண்டுகள் நடத்துநராக வேலை பார்த்து 2019ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவன். பெரும்பகுதிக் காலம் ஆரப்பாளையத்திலிருந்து செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் தேனி போகும் தடத்தில் ஓடினேன். என் மகள் பொறியியல் படித்துவிட்டு, வெளியூரில் தலைமையகம் கொண்ட ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கைபேசியில் பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்யும் ஒன்பது பேர் கொண்ட குழுவில் அவளும் ஒருத்தி. வேலை எல்லாம் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்தே நடக்கிறது. அவள் பதவிக்குக் கம்யூனிட்டி மேனேஜர் என்று பெயர். விளையாடுகிறவர்கள் எழுதும் குறைகளைப் படிப்பதும், பதில் சொல்வதும், அவற்றில் நியாயமானவற்றை நிரல் எழுதுகிறவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், ஏதாவது மாற்றம் வந்தால் அதை முதலில் அறிவிப்பதும் அவள் பொறுப்பு. எனக்குப் புரிந்த மொழியில் சொன்னால், அவள் வண்டியை ஓட்டுகிறவளும் அல்ல, எந்த வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவளும் அல்ல, கண்டக்டர்.

அந்த விளையாட்டில் எனக்கும் சிறு பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன். "இரண்டு விசில் கொடுத்ததுக்கும் வண்டி நகர்றதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆகும்ப்பா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். 31 ஆண்டுகளில் நான் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அது டிரைவர் யாருங்கிறதைப் பொறுத்தது தாயி" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் அடுத்த மாதம் வந்த அப்டேட்டில், விசில் அடித்ததும் பாய்கிற ஓட்டுநர் ஒருவரும், கண்ணாடியைப் பார்த்து, படிக்கட்டில் ஆள் ஏறிவிட்டதா என்று பார்த்து, அதன் பிறகு கிளட்சை விடுகிற ஓட்டுநர் ஒருவரும் இருந்தார்கள். இரண்டாமவர் என்னோடு பதினோரு ஆண்டுகள் ஓடியவர். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தனியார் பேருந்துகளில் சினிமாப் பாட்டு மெட்டில் ஒலிக்கும் ஹாரன்களைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். பல குரலில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரன்களை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே தடை செய்கின்றன என்றாலும், சாலையில் அவை ஓய்ந்தபாடில்லை. அந்த விளையாட்டிலும் அப்படிப்பட்ட ஹாரன்கள் இருந்தன. அவற்றுக்காகவே அதைத் தரவிறக்கிய பிள்ளைகள் ஏராளம். பாட்டுக்கு உரிமை கொண்டாடும் ஒரு தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. குறித்த நாளுக்குள் நீக்காவிட்டால் விளையாட்டையே கைபேசியின் செயலிக் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற நிலை. முதலாளி வழக்கறிஞரிடம் பேசினார், நீக்கச் சொன்னார், ஒலி அமைக்கும் பையன் நீக்கினான். என் மகள் செய்தது ஒன்றுதான். சில ஹாரன் ஒலிகள் இந்தப் பதிப்பில் இருக்காது என்றும், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றும் நான்கு வரி எழுதி, வழக்கம்போலக் கீழே தன் பெயரைப் போட்டாள். பெயர் போட்டு எழுதினால் எதிரில் இருப்பவர் மரியாதையாகப் பேசுவார் என்பது அவளுடைய நம்பிக்கை. அதை வளர்த்தது நான்தான். பெயர்ப்பட்டையும் வில்லையும் சட்டையில் இல்லாமல் நான் வண்டியில் ஏறியதே இல்லை.

அன்று சாயங்காலம், பேருந்து விளையாட்டுகளைப் பற்றி யூடியூபில் காணொலி போடும் ஒருவர் அந்த நான்கு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டி, ஹாரனைக் கொன்றுவிட்டார்கள் என்று பேசியிருந்தார். அவர் யாரையும் மிரட்டச் சொல்லவில்லை. அதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் அந்தப் படத்தில் என் மகளின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. இரவு பத்து மணிக்குமேல் அவள் கைபேசி அதிரத் தொடங்கியது. சத்தம் வராமல் வைத்து, ஃபிரிட்ஜின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தாள். தகரத்தின் மேல் கைபேசி அதிர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு மணிக்கு என் மனைவி பதறி எழுந்து, "யாருக்குங்க என்ன ஆச்சு?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் போன் வந்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருந்திருக்கிறது.

காலையில், அவளுக்கு வந்திருந்த செய்திகளைப் படித்தேன். படிக்க வேண்டாம் என்று அவள் சொல்லியும் படித்தேன். பெரும்பாலானவை வெறும் வசவு. அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பேருந்து நிலையத்தில் கேட்காத வசவில்லை. சில, ஒரு பெண்ணுக்கு எழுதக்கூடாதவை. தங்கள் நாளிதழில் அச்சேறாதவை. மூன்று செய்திகள் வேறு மாதிரி இருந்தன. அவற்றில் ஒன்று, "உன் வீடு எந்த ஏரியான்னு தெரியும், ஸ்கூட்டி நம்பரும் தெரியும், ஹாரன் திரும்பி வரலைன்னா நீ திரும்பி வரமாட்டே" என்றது. ஆறு மாதத்துக்கு முன்பு மொட்டை மாடியிலிருந்து திருப்பரங்குன்றம் மலையைப் படம் பிடித்து அவள் போட்டிருந்தாள். அதில் ஓரமாக வண்டியும் விழுந்திருந்தது. மலை எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதை வைத்து இன்ன பகுதி என்று சொல்லிவிடலாம் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

வசவு வாங்குவதில் எனக்கு அனுபவம் உண்டு. 2018ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோது நான் பணியில் இருந்தேன். கட்டணத்தை உயர்த்தியது அரசு. வசவு வாங்கியது என்னைப் போன்றவர்கள். காலை முதல் வண்டியில் ஏறிய பூக்காரம்மா, சில்லறையை என் கையில் வைக்காமல் இருக்கையில் வீசினார். கல்லூரிப் பிள்ளைகள் பேசியதை இங்கே எழுத முடியாது. ஒவ்வொருவரும் ஒரு வார்த்தைதான் சொன்னார்கள், அவரவர் கணக்கில் அது ஒரு வார்த்தை. என் கணக்கில் ஒரு நடைக்கு எழுபது வார்த்தை. பத்து நாளில் கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள், கோபமும் கொஞ்சம் குறைந்தது. அதே பூக்காரம்மா ஒருநாள் இறங்கும்போது, "அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன்ப்பா" என்று சொல்லி, ஒரு முழம் கதம்பத்தை டிக்கெட் பையின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

என் மகளுக்கு நேர்ந்தது அப்படிப்பட்டதல்ல என்பதை ஒரு வாரம் கழித்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன். என்னைத் திட்டியவர்கள் என் முகத்தைப் பார்த்துத் திட்டினார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தம் வந்ததும் கோபமும் இறங்கிப் போனது. இரவு டெப்போவில் கணக்கு ஒப்படைத்துவிட்டுக் காக்கிச் சட்டையைக் கழற்றினால் அதோடு முடிந்தது, யாரும் வீடுவரை வந்ததில்லை. அவளுக்குக் கழற்றுவதற்குச் சட்டை இல்லை. அவள் தலையணைக்குப் பக்கத்திலேயே பேருந்து நிலையம் இருக்கிறது. பேசியவர்களில் ஒருவருக்கும் முகம் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர்களில் யாருக்காவது தோன்றினாலும், எந்தப் பெயரில் வந்து கேட்பார்கள்?

எங்கள் வீட்டு விவகாரம் இத்தனை பெரிய கடிதத்துக்குத் தகுமா என்று தாங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அதனால் மகளிடம் கேட்டும், நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக் கணினியில் மூன்று நாள் உட்கார்ந்து படித்தும் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

2013ஆம் ஆண்டு ஜூலையில், கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 2 என்ற துப்பாக்கி விளையாட்டில், ஒரு துப்பாக்கி ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையில் எடுத்துக்கொள்ளும் நேரத்தை 0.2 விநாடியிலிருந்து 0.4 விநாடியாக மாற்றினார்கள். அதை அறிவித்த வடிவமைப்பு இயக்குநர் டேவிட் வாண்டர்ஹாருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் கொலை மிரட்டல்கள் வந்து குவிந்தன. விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. நான் இரண்டாவது விசிலை வாயில் வைப்பதற்குள் அதைவிட அதிக நேரம் போய்விடும். 2016ஆம் ஆண்டு மே மாதம், நோ மேன்ஸ் ஸ்கை என்ற விளையாட்டு ஜூனில் வராது, ஆகஸ்டில்தான் வரும் என்ற செய்தி வெளியானதும், அதை உருவாக்கிய ஷான் முர்ரேக்கு மிரட்டல். அச்செய்தியை முதலில் வெளியிட்ட பத்திரிகையாளருக்கும் மிரட்டல். 2020ஆம் ஆண்டு தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில், ரசிகர்களுக்குப் பிடித்த நாயகனைக் கொல்லும் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார் என்பதற்காக நடிகை லாரா பெய்லிக்கு மிரட்டல். கதையை எழுதியது அவர் அல்ல. எழுதிக் கொடுத்ததைப் பேசியவர். நம் ஊர்க் கூத்தில் துச்சாதனன் வேடம் கட்டியவரை ஆட்டம் முடிந்தபின் வழிமறித்து அடிப்பதுபோல.

இவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2017ஆம் ஆண்டு நடந்தது. மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமிடா என்ற விளையாட்டில் பாத்திரங்களின் முகபாவங்கள் விகாரமாக இருந்தன. இருந்தன என்பது உண்மைதான், பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதற்குக் காரணம் இவர்தான் என்று ஒரு பெண்ணின் பெயரை யாரோ எடுத்துப் போட, கூட்டம் முழுவதும் அவர்மேல் பாய்ந்தது. பிறகு அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் அறிக்கை விட்டது: அவர் அந்தக் குழுவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அல்லர், ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருக்கிறார்கள் என்று. எத்தனையோ பேர் சேர்ந்து செய்யும் வேலையில் குறை எந்த மேசையிலிருந்து வந்தது என்பது வெளியிலிருப்பவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் கோபம் கைக்கு எட்டுகிற ஆளைப் பிடிக்கிறது. பொறுப்பானவர் கைக்கு எட்டுவதில்லை. எட்டுகிறவர் யார் என்றால் பதில் சொல்கிறவர், பெயர் போடுகிறவர், மாடியிலிருந்து மலையைப் படம் பிடிக்கிறவர். பல இடங்களில் அவர் பெண்ணாகவும் இருந்துவிடுகிறார்.

சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டுதோறும் நடக்கும் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டின் சார்பில் 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பங்கேற்ற உருவாக்குநர்களில் 91 விழுக்காட்டினர், விளையாடுவோரின் தொல்லை தங்கள் தொழிலில் ஒரு பிரச்சினையாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணை மகளிடம் காட்டினேன். "மீதி ஒன்பது பேர் கமெண்ட் படிக்க மாட்டாங்கப்பா" என்றாள்.

கோபத்தில் நியாயமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாகத் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டியைச் சூதாட்டம்போலப் பிள்ளைகளிடம் விற்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 விளையாட்டில் அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதற்குச் சமாதானமும் சொன்னபோது, அந்தச் சமாதானத்துக்கு இணையத்தில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் எதிர்வாக்குப் போட்டார்கள். வெளியீட்டுக்கு முன்பே விளையாட்டுக்குள் காசுக்கு விற்பதை நிறுவனம் நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு பெல்ஜியம் நாடு அப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று அறிவித்தது. எதிர்வாக்குப் போடுவதற்கு ஒருவரும் ஒருவருடைய வீட்டு முகவரியைத் தேட வேண்டியிருக்கவில்லை.

சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டின் கதையை ரசிகர்கள் எல்லோரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். போலந்து நாட்டு நிறுவனம் செய்தது. 2020 ஏப்ரலில் வருவதாக இருந்து, செப்டம்பருக்குத் தள்ளி, நவம்பர் 19க்குத் தள்ளி, கடைசியில் டிசம்பர் 10 என்றார்கள். கடைசியாகத் தள்ளிய அந்த 21 நாளுக்காக அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குக் கொலை மிரட்டல் விடுத்தார்கள். சொன்னபடி டிசம்பர் 10ஆம் தேதி வந்தது. வந்தபோது சோனியின் பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிகளில் ஓடவே திணறியது, எங்கு பார்த்தாலும் பிழைகள். எட்டே நாளில் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அது அந்தக் கடைக்குத் திரும்ப ஆறு மாதம் ஆயிற்று. வேலை முடியவில்லை, இன்னும் நாள் வேண்டும் என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னது உண்மை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. இன்னும் மூன்று மாதம் தள்ளி வையுங்கள் என்று சொல்ல வேண்டிய ரசிகர்கள், ஏன் மூன்று வாரம் தள்ளினாய் என்று கத்தியை எடுத்தார்கள். பிரேக் பிடிக்காத வண்டியைப் பணிமனைக்கு அனுப்பியதற்கு மெக்கானிக்கை மிரட்டுகிற பயணியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்த இடத்தில், மதுரைக்காரர்கள் ரசிகர் என்ற சொல்லுக்கே இலக்கணம் வகுத்தவர்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை சுவர் முழுவதும் போஸ்டர் ஒட்டும் ஊர் இது. முதல் நாள் முதல் காட்சிக்குக் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிய கைகள், படம் விளங்காவிட்டால் அந்தப் போஸ்டரிலேயே சாணி அடித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ரசிகர்கள் பசுக்கள் அல்லர். ஆனாலும் படம் ஓடவில்லை என்பதற்காக, அதில் விளக்குப் பிடித்தவரின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் மனைவியின் போனுக்கு நள்ளிரவில் செய்தி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை. கோபம் போஸ்டரோடு நின்றது. இப்போது போஸ்டர் இருக்கும் இடத்தில் ஆளே இருக்கிறார்.

மகளின் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம். எது என்று சொல்வதற்கில்லை. அங்கிருந்தவர் மரியாதையாகவே உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கடைசியில், "கேம்தானம்மா, பிளாக் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு, குற்ற மிரட்டலைப் பற்றிப் பேசுகிறது. கொல்வேன் என்று மிரட்டினால் ஏழு ஆண்டுவரை சிறை. பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்துக்கொண்டு மிரட்டினால் அதற்குமேல் இரண்டு ஆண்டுவரை கூடுதல் சிறை. மிரட்டப்பட்டவர் விளையாட்டு செய்கிறவரா, வேறு தொழில் செய்கிறவரா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. இதை அவரிடம் சொன்னபோது, ஓய்வு பெற்ற கண்டக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்து, ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்து, எண் வாங்கி வைத்திருக்கிறோம். மிரட்டல் வந்த உடனே கோபத்தில் அழித்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்பதால், தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து வைப்பது நல்லது என்று மற்ற பெற்றோருக்கும் சொல்லிவைக்கிறேன்.

அமெரிக்காவில் டெஸ்டினி 2 என்ற விளையாட்டைச் செய்யும் பஞ்ஜி நிறுவனம் வேறு விதமாகப் போனது. என் மகளைப் போன்றே கம்யூனிட்டி மேனேஜராக இருந்த ஓர் ஊழியருக்கு, இனவெறிப் பேச்சைப் பதிவு செய்து போனில் அனுப்பியும், கேட்காத பீட்சாவை வீட்டு வாசலுக்கு அனுப்பியும் ஒருவர் தொல்லை கொடுத்தார். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லாமல் சொல்வதற்குத்தான் அந்தப் பீட்சா. நிறுவனமே முன்வந்து வழக்குப் போட்டது. 2023ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநில நீதிமன்றம், அந்த நபர் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 4 லட்சத்து 89 ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஊழியரைப் பாதுகாக்கவும் ஆளைக் கண்டுபிடிக்கவும் செலவான தொகையும் அதில் அடக்கம். ஜப்பானில் விளையாட்டு நிறுவனங்களான நிண்டெண்டோ 2022ஆம் ஆண்டிலும், ஸ்கொயர் எனிக்ஸ் 2025 ஜனவரியிலும், ஊழியர்களைத் துன்புறுத்தும் வாடிக்கையாளர்களுக்குச் சேவையை மறுக்கும் விதிகளை வெளியிட்டன. இரண்டாவது நிறுவனம் வழக்குவரை போகவும் தயார் என்றது. என் மகளின் நிறுவனம் இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தது. அவர்கள் சிறியவர்கள், கெட்டவர்கள் அல்லர். இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று அவர்கள் யோசித்தே வைத்திருக்கவில்லை. ஒன்பது பேர் உள்ள இடத்தில் ஒரே ஒரு பெண்ணின் பெயரில் எல்லா அறிவிப்பும் போவது சரியல்ல என்பது முதலாளிக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

என் தரப்பில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மிரட்டிய மூவரில் ஒருவனின் கணக்கில் இருந்த முகப்புப் படத்தில் ஒரு பேருந்தின் முன்னால் அவன் நின்றிருந்தான். முகத்தைக் கையால் மறைத்திருந்தான். ஆனால் பின்னால் இருந்த நிழற்குடையையும், அதன் தூணில் சாய்ந்து வளைந்த இரும்புக் கம்பியையும், பக்கத்துப் புளியமரத்தையும் பார்த்ததும் எனக்கு அது எந்த நிறுத்தம் என்று தெரிந்துவிட்டது. என் தடத்து நிறுத்தம். ஆயிரம் முறை அங்கே விசில் அடித்து வண்டியை நிறுத்தியிருக்கிறேன். அந்த ஊரில் டீக்கடைக்காரரைத் தெரியும், பால் சங்கத்தில் இருப்பவரைத் தெரியும். படத்தைக் காட்டினால் இன்னார் மகன் என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பையனுக்குப் பதினாறு, பதினேழு வயதுக்குமேல் இருக்காது. மறுநாள் விடிகாலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மகள் வாசலில் வந்து நின்றாள். "போய் என்னப்பா செய்வீங்க? உன் வீடு எங்கன்னு எனக்குத் தெரியும்னு சொல்வீங்களா?" என்று கேட்டாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அந்த நிறுத்தத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

அந்தப் பையனின் அப்பாவைப் பற்றிப் பலமுறை யோசித்திருக்கிறேன். தங்கள் கட்டுரை சொன்னபடி அவரும், எவ்வளவு நேரம்டா போனைப் பார்ப்பாய் என்று கேட்டிருப்பார். கேட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்திருப்பார். போனில் யாருக்கு என்ன எழுதினாய் என்று கேட்கத் தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றியிருக்காது. பையனும் வீட்டில் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். விடுமுறை நாளில் அப்பாவோடு தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவான், நடத்துநரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். என் வண்டியிலேயே படியில் தொங்கிக்கொண்டு வந்து என்னிடம் திட்டு வாங்கியிருக்கவும் கூடும். ஹாரன்மேல் அவ்வளவு பிரியம் உள்ளவன் வண்டியையும் நேசிப்பான். அவன்மேல் எனக்குச் சொந்தமான குறை ஒன்றுதான்: தன் ஊர்க்காரர் ஒருவரின் மகளிடம், நேரில் நின்றால் வாயில் வராத வார்த்தையை எழுதினான்.

இதனால் ரசிகர்களுக்கு வந்த லாபம் என்ன என்றும் பார்த்துவிடலாம். பாட்டு ஹாரன் திரும்பவில்லை, வரவும் முடியாது. அதற்குப் பதிலாக, யாருடைய பாட்டுக்கும் கடன்படாத புதிய ஹாரன் ஒலிகளைத் தாங்களே உருவாக்கி, ஐந்து வாரம் கழித்து ஒரு அப்டேட் விட்டார்கள். அதில் ஒன்று, கணவாயில் திருப்பத்துக்கு முன்னால் எங்கள் ஓட்டுநர்கள் அடிக்கும் ஒரு நீளம், இரண்டு குட்டை. அதை வாயால் ஊதிக் காட்டியது நான். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது, ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். யார் செய்தது என்று கேட்கிறார்கள். பதில் வருவதில்லை. அறிவிப்புகள் இப்போது சப்போர்ட் டீம் என்ற பெயரில் போகின்றன. முன்பு ஒருவர், உசிலம்பட்டி வளைவில் மழை பெய்தால் டயர் வழுக்க வேண்டும் என்று எழுதினால், அவள் அவரோடு அரைமணி நேரம் பேசி, எவ்வளவு வழுக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். இப்போது, உங்கள் கருத்துக்கு நன்றி என்ற ஒரே வரி எல்லோருக்கும் போகிறது. அதை அவள்கூட எழுதுவதில்லை, இயந்திரமே அனுப்பிவிடுகிறது.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். வாசகர் கடிதத்தில் பெயரும் ஊரும் போடுவது தங்கள் வழக்கம் என்று அறிவேன். பெயர் போடாமல் எழுதுகிறவர்களைக் குறை சொல்லும் கடிதத்தைப் பெயர் போடாமல் வெளியிடச் சொல்வது எனக்கே உறுத்துகிறது. ஆனாலும் என் பெயரையும் முகவரியையும் தங்கள் அலுவலகப் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அச்சில் வேண்டாம். என் பெயரின் முதல் எழுத்துத்தான் என் மகளின் இன்ஷியல்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
மதுரை.